துரைராசு வெட்டிய வரப்பு

காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு லெஃப்ட் ரைட் போட்டால் நெல் விளையுமா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் துரைராசு. மகள் மேகலா தஞ்சாவூரில் கல்லூரி என்.சி.சி.யில் சேர்ந்தாள், சீனியர் அண்டர் ஆபீசர் என்று பிள்ளைகளுக்கே தலைவி ஆனாள், ராணுவ அதிகாரி வேலைக்கு விண்ணப்பமும் போட்டாள். மனுஷன் எதற்கும் மசியவில்லை. "இன்டர்வியூவுக்குப் பெங்களூரா? போடி, போய் வேலையப் பாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கார்த்திகையில் மழை பேய்மழையாகக் கொட்டியது. நீடாமங்கலம் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் கீழத்தெரு முழுக்க இடுப்பளவுத் தண்ணீர். தெருவுக்கும் வடிகாலுக்கும் நடுவில் துரைராசுவின் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், உயரமான வரப்போடு குறுக்கே கிடந்தது. வரப்பை வெட்டினால் தெருத் தண்ணீர் வயல் வழியாக வடிகாலில் இறங்கிவிடும். கதிர் விடப் பொதி கட்டி நிற்கும் சம்பாப் பயிரும் அதோடு போய்விடும். குறுவைதான் தண்ணீரில்லாமல் காய்ந்தது, சம்பாவையாவது விடுவேனா என்று விடிந்ததிலிருந்து மண்வெட்டியோடு வரப்பு மேலேயே நின்றார்.

கீழத்தெருவே திரண்டு வந்துவிட்டது. டீக்கடை காதர் மைதீன்தான் முதலில் பேசினார்.

"அண்ணே, சுவரெல்லாம் ஊறிப்போச்சு. மத்தியானத்துக்குள்ள தண்ணி எறங்கலைன்னா ஒரு வீடு நிக்காது."

"எம் பயிர் மட்டும் நிக்குமா?"

பின்னாலிருந்த இளவட்டங்கள் இவரிடம் என்ன பேச்சு என்று மண்வெட்டிகளோடு முன்னே வந்தார்கள். கல்லூரி வேன் வந்து நின்றது அப்போதுதான். வெள்ள நிவாரணத்துக்கு வந்த என்.சி.சி. பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடும் மணல்மூட்டைகளோடும் இறங்கினார்கள். முன்னால் மேகலா.

போச்சுடா, இவளும் தெருக்காரர்களோடு சேர்ந்துகொள்வாள் என்று நினைத்தார் துரைராசு. அவள் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி, ஒரு கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே வடிகால் வரைக்கும் போய்த் திரும்பினாள். பிறகு தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரப்போரம் வரிசையாக நிறுத்தினாள். அவர்கள் முதுகு துரைராசுவுக்கு, முகம் கூட்டத்துக்கு.

"அவர் சரின்னு சொல்லாம யாரும் வரப்புல கை வைக்கக் கூடாது" என்றாள். கத்தவில்லை. கூட்டம் அப்படியே நின்றது.

தட்டில் கறிவேப்பிலை கிடந்தால் அழுத பெண் இது.

மேகலா வரப்பேறி அவர் எதிரில் நின்றாள்.

"தென்மூலையில வெட்டி, நடுவரப்புல மணல்மூட்டை அடுக்கினா ரெண்டு மாதான் போகும். நாலு மா தப்பிக்கும். மூட்டை தாங்கலைன்னா ஆறு மாவும் போயிடும். தாங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"இது யாரு நெலம்னு தெரியுதா ஒனக்கு?"

"தெரியும்ப்பா. வேற யாரு நெலமா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் வெட்டுவேன்."

அவர் பயிரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். ஏமாற்றிச் சம்மதம் வாங்க அவள் பார்க்கவில்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது. தென்மூலைக்கு நடந்து போய் அவரே முதல் வெட்டு வெட்டினார்.

அதற்கப்புறம் வரப்பை வெட்ட வந்த இளவட்டங்களே அவள் சொன்ன இடத்தில் மூட்டை சுமந்தார்கள். களைத்தவனை அவன் கேட்காமலே மாற்றினாள். யாரையும் ஒரு வசவு வையவில்லை. மதியத்துக்குள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, ஒரு சுவரும் விழவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் இரண்டு மூட்டை பிய்த்துக்கொண்டு போய், இன்னும் ஒரு மாப் பயிர் சாய்ந்தது.

பிள்ளைகளைக் காதர் மைதீன் கடைக்குச் சாப்பிட அனுப்பிவிட்டு, மேகலா மட்டும் சாய்ந்த பயிருக்குள் இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ரெண்டு மான்னு சொன்னேன். மூணு போயிடுச்சு. என் கணக்குத் தப்புப்பா."

ஆற்றில் தண்ணீர் திறக்கச் சொன்னவர்கள், மூடச் சொன்னவர்கள் என்று எத்தனையோ அதிகாரிகளைத் துரைராசு பார்த்தாயிற்று. அவர்கள் உத்தரவால் எத்தனை போகம் போயிருக்கிறது. ஒருத்தராவது இந்தச் சேற்றில் வந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. இவளுக்கு இதை அந்த லெஃப்ட் ரைட்டிலா சொல்லிக்கொடுத்தார்கள்?

"நீ சொன்னே, நான் வெட்டினேன். ரெண்டு பேர் கணக்கும்தான்" என்றார். "போ, ஒம் புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

வீட்டு வாசலில் மனைவி வள்ளியம்மை காத்திருந்தாள். "பயிர் என்னாச்சுங்க?"

"மூணு மா போச்சு. ஒம் பொண்ணு ஆபீசர் ஆயிட்டா."

"இன்டர்வியூக்கே இன்னும் போகலியே, நீங்கதானே விட மாட்டேன்னீங்க?"

"அவங்க இனிமேதான் பாக்கணும்" என்றார் துரைராசு, காலில் சேற்றைக் கழுவிக்கொண்டே. "நான் பாத்துட்டேன்."