அடிவானம் சாய்கிறது

மிக் போர் விமானத்தை அடர்ந்த மேகத்துக்குள்ளும் அநாயாசமாக ஓட்டியவர் மேஜர் ஒக்னியான். பல்கேரிய விமானப்படை அமெரிக்க விமானங்களுக்கு மாறியபின், விமானம்போலவே இயங்கும் பாவனைப் பயிற்சிக்கூண்டிலேயே இரண்டு முறை, திரையில் தெரிந்த சூரியகாந்தி வயலில் மோதிவிட்டார். இன்றைய தேர்விலும் மோதினால் தலைநகர் சோபியாவில் மேசை வேலைதான்.

விமானத்தின் சாய்வைக் காட்டும் பழைய கருவியில் அடிவானக் கோடு அசையாது, விமானச் சின்னம்தான் சாயும். புதியதில் சின்னம் அசையாது, கோடு சாயும். கோடு இடப்பக்கம் தாழ்ந்ததும், விமானமே அப்படித் தாழ்ந்ததாக எண்ணிப் பழகிய கை வலப்பக்கம் சாய்த்தது. சரிவு இன்னும் கூடியது.

"என்ன ஸார், திரும்பவும் சூரியகாந்தி வயலுக்கா?" என்றாள் பயிற்சியாளர் கேப்டன் நெவேனா.

"கோடுதாம்மா குடிகாரன் மாதிரி ஆடுது!"

"கோடு ஆடல, நீங்கதான் ஆடுறீங்க. மிக்ல வெளிய நின்னு உங்க விமானத்தைப் பாத்தீங்க. இதுல உள்ள உக்காந்து ஜன்னல் வழியாப் பாருங்க."

ஒக்னியான் அந்தக் கருவியின் முகப்பை ஜன்னலாக எண்ணிக்கொண்டார். சாய்ந்திருப்பது தாமே என்று ஒப்புக்கொண்டதும், கை இடப்பக்கம் போனது. கோடு மெல்லச் சமமானது.

"அப்ப இத்தனை வருஷமா நான் வெளியிலயா நின்னேன்?"

"ஆமா ஸார். குளிர்ல நின்னது போதும். தேறிட்டீங்க."