காற்று வராத கார்

அப்புத்தளைக்கு மேலே இருந்த தோட்டமொன்றில், எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதத்து மழையில், பிள்ளைத்தாச்சி ரெங்கம்மாவுக்கு வலி கண்டு இரத்தம் போகத் தொடங்கியது. தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிப் போயிருந்தது. தோட்டத்துத் துரை தன் புதுக் காரையே கொடுத்துவிட்டார். ஏசி வைத்த ஜப்பான் கார். இருபது வருஷம் லொறி ஓட்டிய வீரசிங்கம் அதற்கு டிரைவராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பதுளைக்கே கொண்டு போயிருங்க. இங்க ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார் தோட்டத்து மருந்துக்காரர்.

பின் சீட்டில், புருஷன் கந்தப்பனின் மடியில் தலை வைத்து ரெங்கம்மா கிடந்தாள். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். தோட்டத்து வாசலைத் தாண்டுமுன்பே முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளிந்துவிடும் என்று துரை சொல்லியிருந்தார். வீரசிங்கம் குமிழைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதிலும் காற்று வரவில்லை.

ஜன்னலை இறக்கினார். சாரல் உள்ளே அடித்தது. ரெங்கம்மாவின் பற்கள் கிடுகிடுத்தன.

"குளுருல நடுங்குறாண்ணே" என்றான் கந்தப்பன்.

ஏற்றினார். பாதை மறைந்தது. எதிரே வந்த பஸ், ஹோர்ன் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. காரை ஓரமாக நிறுத்தினார்.

பியூஸைப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. என்றாலும் ரேடியோவின் பியூஸைக் கழற்றி மாற்றிப் போட்டார். பயனில்லை. மல்லாந்து கிடந்து டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். லொறியின் வயர்களைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். இங்கே கற்றை கற்றையாக ஓடின. காற்றாடி மோட்டாரை ஸ்பேனரால் தட்டியதும் அது ஒரு கணம் சுற்றியது. கண்ணாடியில் கையகலம் தெளிந்தது. உடனே நின்றது. மறுபடி தட்டினார். எவ்வளவு நேரம் தட்டினாரென்று அவருக்கே தெரியவில்லை.

"விடுங்கண்ணே, போவோம். இவகிட்ட பேச்சுக் கொடுத்தா பதில் இல்ல."

துண்டால் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி பூத்தது. கடைசியில் தலையை வெளியே நீட்டி, ஓரத்து வெள்ளைக் கற்களைப் பார்த்து ஊர்ந்தார். பண்டாரவளையில் மழை விட்ட பிறகுதான் கண்ணாடி தெளிந்தது.

ஒன்றரை மணி நேரப் பாதை. பதுளை சேர்ந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ரெங்கம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அவளை வார்டில் சேர்த்த பிறகு, வீரசிங்கம் காரைப் பஸாரில் மெக்கானிக் லத்தீப் நானாவிடம் கொண்டுபோனார். லத்தீப் சின்ன பல்பு கட்டிய வயரை அங்குமிங்கும் வைத்துப் பார்த்தார்.

"கரண்ட் வருது. எர்த்துதான் புடிக்கல்ல."

மோட்டாருக்குப் பக்கத்தில் எர்த் வயரைப் பிடித்திருந்த ஒரு திருகு தளர்ந்திருந்தது, அதை முறுக்கினார். காற்று சீறிக்கொண்டு வந்தது.

"அந்தப் பக்கமெல்லாம் கை வச்சேனே, நானா" என்றார் வீரசிங்கம்.

"புதுக் காருதானே. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆஸ்பத்திரி வாசலில், துணியில் சுற்றிய பிள்ளையோடு கந்தப்பன் நின்றிருந்தான்.

"காருக்கு என்னவாம்ணே?"

ஒரு திருகுதான் என்று வீரசிங்கம் சொல்லவில்லை. "சரியாப் போச்சு" என்றார்.

கந்தப்பன் ஏறாமல் பின் சீட்டையே பார்த்தான். "எல்லாம் ரெத்தமாயிருச்சே. தொரை ஏசுவாரோ?"

"நான் சொல்லிக்கிறேன், ஏறு" என்று வீரசிங்கம் முன்கதவைத் திறந்துவிட்டார்.