வண்டி நடுவில் போகும்போது

எம்மெட் கடைசியாக என்னிடம் கேட்டது வெங்காயம். சனிக்கிழமை மதியம், செல்மாவின் சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவன் தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும். வெங்காயம் என் பக்கம் இருந்தது.

"ஓலிட்டா, அதை இப்படித் தள்ளு."

"தின்னுட்டு ராத்திரி என் பக்கம் திரும்பிப் படுக்காதே."

"நீயும் ரெண்டு கடி கடிச்சுக்க, கண்ணு. ரெண்டு பேரும் நாறினா யாருக்குத் தெரியப்போகுது."

காபியோடு வந்த செல்மா, "உங்க படுக்கை சமாச்சாரத்தை வீட்டுல வச்சுக்குங்க. இங்க ஜனங்க சாப்பிடுறாங்க" என்றாள். எம்மெட் வெங்காயத்தை நறுக்கென்று கடித்து அவள் முகத்தில் ஊதினான். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மண்டையில் அடித்தாள்.

அப்போதுதான் ராய்ஸ் டாக்கெட் உள்ளே வந்தான்.

எங்கள் ஹார்லோ ஃபெரி, மலைக்கும் ஒஹாயோ ஆற்றுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு கிடக்கிற ஊர். தண்டவாளத்துக்குத் தனி இடம் விட வழியில்லாததால் அது கடைத்தெருவின் நடுவிலேயே போகிறது. ஒரு பக்கம் செல்மாவின் கடை, சலூன், வங்கி. எதிர்ப்பக்கம் மருந்துக் கடை, மெதடிஸ்ட் தேவாலயம். நடுவே நிலக்கரி கூட்ஸ். மணியடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, செல்மா பழம் வைத்துச் சுடும் பையை நினைத்து, "இன்னிக்கு என்ன பை?" என்று கேட்பார். "ஆப்பிள்" என்று கடைக்குள்ளிருந்து கத்துவார்கள். அதற்குப் பிறகு பேச முடியாது. யாராக இருந்தாலும் சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டி போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

இதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். மடக்கு நாற்காலியைப் போட்டு, கேமராவைத் துடைத்துக்கொண்டு அரைநாள் காத்திருப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கும் அது அலுத்ததில்லை. அவ்வளவு கனமான ஒன்று அஞ்சல் பெட்டியை ஒட்டி, குழந்தை வண்டியை ஒட்டி, ஒருவரையும் தொடாமல் போய்விடுகிறது. மலையில் ஒரு துண்டு பெயர்ந்து, பிறகு மனசு மாறி மெதுவாக நடந்து வருவதுபோல் இருக்கும். காலுக்கடியில் தரை அதிரும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். எம்மெட் முதன்முதலில் என் கையைப் பிடித்ததும் அப்படி ஒரு வண்டி போனபோதுதான். கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்க முடியாது. அதற்காகவே அந்த நேரத்தைப் பார்த்துப் பிடித்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு ஆண்கள் அடித்துக்கொண்டால் யாரும் குறுக்கே போய் விலக்க மாட்டார்கள். வண்டி வரும்வரை விட்டுவிடுவார்கள். வண்டி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் தள்ளுவார்கள். நீளமான கூட்ஸ், இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளியின் முகம் வேகன் இடைவெளியில் வந்து வந்து போகும். மூச்சு தணியும், ரத்தத்தைத் துடைக்க நேரம் கிடைக்கும். கடைசியில் கார்டு பெட்டி போனதும் இருவரும் தண்டவாளத்துக்கு வந்து கை குலுக்க வேண்டும். பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. என் அப்பாவும் என் மாமாவும் ஒருமுறை அப்படித்தான் ஒன்றானார்கள். வண்டி நடுவில் போயிற்று என்றால் சண்டை முடிந்தது என்று பொருள்.

எம்மெட் டவுன் ஆபீஸில் வேலை பார்த்தான். தண்டவாளத்தின் இரு புறமும் தெருவில் வெள்ளைக் கோடு உண்டு. கார்கள் அதைத் தாண்டி நிற்கக் கூடாது. வருடாவருடம் அந்தக் கோட்டுக்கு வண்ணம் பூசுவது அவன் வேலை. அவன் பூட்ஸ் இரண்டிலும் வெள்ளைப் பெயிண்ட் சிந்திச் சிந்தித் தோலே தெரியாது. அதற்கு முந்தைய வாரம் ராய்ஸின் புது பிக்கப் டிரக்கைக் கூட்ஸ் உரசிவிட்டது. டிரைவர் பக்கக் கதவு தகர டப்பாவைப்போல் நசுங்கிவிட்டது. கோடு தப்பு என்று ராய்ஸ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"அரை அடி தள்ளிப் போட்டிருக்கே, எம்மெட்" என்று மேஜைக்கு மேலே வந்து நின்றான்.

"உக்காரு ராய்ஸ். பீன்ஸ் சூடா இருக்கு."

"நான் உக்கார வரலை."

"வருஷா வருஷம் பழைய கோட்டு மேலயேதான் பூசறேன். கோடு நேராத்தான் இருக்கு. உன் வண்டி அன்னிக்கு வளைஞ்சு நின்னுது. நீயும் வளைஞ்சுதான் இறங்கினே."

கடையில் நாலு பேர் சிரித்தார்கள்.

"குடிச்சிருந்தேங்கறியா?"

"நான் எங்க சொன்னேன்? உன் வண்டி புதுசா, பளபளன்னு இருந்துது. கூட்ஸுக்கு ஆசை வந்திருச்சு. போற போக்குல ஒரு முத்தம் குடுத்திருக்கு. விடு."

இப்போது கடை முழுவதும் சிரித்தது. நான் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். ராய்ஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு தட்டை எடுத்து எம்மெட்டின் முகத்தில் அறைந்தான்.

தட்டு உடைந்தது. எம்மெட்டின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, எழுந்தபோது நாற்காலியின் கால் ஒன்று அவன் கையில் இருந்தது. அதைக்கொண்டு ராய்ஸின் விலாவில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ராய்ஸ் அவன் தலைமுடியைப் பிடித்துக் கல்லாப் பலகையில் மோதினான், மறுபடி மோதினான். பல் ஒன்று காபிக் கோப்பைகளுக்கு நடுவே உருண்டது.

"கண்ணாடி உடையும், வெளியில போங்கடா" என்று செல்மா கத்தினாள்.

முடிதிருத்தும் ஹாலிஸ் பக்கத்துச் சலூனிலிருந்து கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து இருவரையும் தெருவுக்குத் தள்ளினார்கள். தண்டவாளத்தின் மேலேயே கட்டிப் புரண்டார்கள். எம்மெட் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். ராய்ஸ் அவன் கட்டைவிரலைக் கடித்தான். நான் எம்மெட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஹாலிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"விடு ஓலிட்டா. வண்டி வர்ற நேரம்தான்."

"கொன்னுடுவான், ஹாலிஸ்."

அவர் சொன்னபடியே தெருவின் கீழ்முனையில் ரயில் ஹாரன் கேட்டது. "நடுவர் வந்துட்டாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மூச்சு விட்டேன். நாலு பேர் எம்மெட்டைத் தூக்கித் தேவாலயப் பக்கம் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ராய்ஸைச் செல்மாவின் கடைப் பக்கம் இழுத்துவந்து, சுவரில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தார்கள். நான் செல்மாவிடம் ஈரத்துணி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எஞ்சின் வந்துவிட்டது. எம்மெட் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் ராய்ஸை இரண்டு பேர் பிடித்துக்கொண்டே நின்றிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு அவசியம் இருந்ததில்லை.

வேகன்கள் போய்க்கொண்டிருந்தன. நிலக்கரி வேகனின் இரு முனைகளும் உள்சாய்வாக இருக்கும். இரண்டு வேகன்களுக்கு நடுவே முக்கோணமாக ஒரு சந்து வரும். அதன் வழியே எம்மெட்டைப் பார்த்தேன். தேவாலயப் படியில் உட்கார்ந்திருந்தான். வேகன். பாதிரியாரின் மனைவி அவன் புருவத்தில் துணியை அழுத்துகிறாள். வேகன். அவன் வாயைத் திறந்து விரலால் எதையோ தேடுகிறான். வேகன். சிரிக்கிறான். சுற்றி இருப்பவர்களும் சிரிக்கிறார்கள்.

என்ன சொன்னான் என்று பிற்பாடு அவள் எனக்குச் சொன்னாள். "பல்லை செல்மா கடையில விட்டுட்டேன். அவ பீன்ஸ்ல போட்டு வித்துடப்போறா" என்றானாம். அவ்வளவுதான்.

ராய்ஸுக்கு அது கேட்டிருக்க முடியாது. எனக்குத் தெரிந்த அதே சந்தில் அவனுக்கும் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து நகர்ந்தான். தன் பிக்கப்பை நோக்கி நடந்தான். டிரைவர் பக்கக் கதவு திறக்காது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். வீட்டுக்குப் போகப்போகிறான், கை குலுக்காமல் போகிறானே என்றுதான் முதலில் நினைத்தேன். மான் வேட்டைப் பருவம் திங்கட்கிழமை தொடங்கவிருந்தது. ஊரில் ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்குப் பின்னால் துப்பாக்கி மாட்டியிருந்தது.

அவன் அதைக் கழற்றுவதைப் பார்த்தேன்.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹாலிஸ் சலூன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் நடைபாதையில் நின்றார்கள். ஒருவனின் கையைப் பிடித்து உலுக்கினேன். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என்னை மெதுவாக விலக்கினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் சந்தில் எம்மெட்டுக்குக் கையை ஆட்டினேன். போ, உள்ளே போ என்று ஆட்டினேன். வேகன். அவனும் எனக்குக் கையை ஆட்டினான்.

ராய்ஸின் மேல் பாய்ந்தேன். துப்பாக்கியின் குழலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவன் உதடு கிழிந்து, ஒரு கண் மூடியிருந்தது. ஏதோ சொன்னான், கேட்கவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கி அதன் கட்டையால் என் தோளில் இடித்தான். கழுத்தெலும்பு உடைந்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். தலை நடைபாதையின் கருங்கல் விளிம்பில் மோதியது.

தரையில் கன்னம் அதிர்ந்துகொண்டிருந்தது. எழ முடியவில்லை. கிடந்த இடத்திலிருந்து வேகன்களுக்கு அடியில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. சக்கரம், வெளிச்சம், சக்கரம், வெளிச்சம். வெளிச்சத்தில் வெள்ளைப் பூட்ஸ் இரண்டு தேவாலயப் படியிலிருந்து இறங்கின. தெருவுக்கு வந்தன. கோட்டருகே வந்து நின்றன. தப்பு தன் பேரில் என்று நினைப்பவன்தான் முதலில் வந்து நிற்பான். அதுவும் எங்கள் வழக்கம். ரயில் முடிந்துவிடக் கூடாது, இன்னும் நூறு வேகன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

கார்டு பெட்டி வந்தது. பின்மேடையில் நின்ற கார்டு குனிந்து என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பெட்டி போய்விட்டது.

எம்மெட் கையை நீட்டிக்கொண்டு தண்டவாளத்தில் காலை வைத்தான். ராய்ஸ் நெஞ்சில் சுட்டான். எம்மெட் உட்காருவதுபோல் இறங்கினான். ராய்ஸ் துப்பாக்கியின் லீவரை இழுத்து அடுத்த குண்டை ஏற்றி, நடந்து போய், இன்னொரு முறை கழுத்தில் சுட்டான். மூன்றாவது முறை துப்பாக்கி சிக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஊர் அவன்மேல் விழுந்தது. பிடிக்க வேண்டிய நேரத்தில் கையை எடுத்தவர்கள் அதே கைகளால் அடித்தார்கள். அவன் துப்பாக்கியாலேயே அவன் தாடையை உடைத்தார்கள். ஹாலிஸின் கத்தரிக்கோல் அவன் தொடையில் நின்றது. ஷெரிஃபின் ஆட்கள் வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகே விலகினார்கள். நான் ஒரு கையால் தவழ்ந்து எம்மெட்டிடம் போயிருந்தேன். அவன் கண் திறந்திருந்தது. கழுத்தை என் உள்ளங்கையால் அழுத்தினேன். விரல்களுக்கிடையே வந்துகொண்டே இருந்தது. தண்டவாளம் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் வாயில் வெங்காய வாசம் அடித்தது. பிறகு மூச்சு இல்லை, வாசம் மட்டும் இருந்தது.

விசாரணையில் டவுன் ஆபீஸ் ஆட்கள் கோட்டை அளந்து காட்டினார்கள். சரியாகத்தான் இருந்தது. ராய்ஸ் ஆயுள் தண்டனை பெற்று மவுண்ட்ஸ்வில் சிறைக்குப் போனான். "அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தான்" என்பதைத் தவிர அவன் அங்கே வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வழக்கம் அன்றோடு நின்றுவிட்டது. இப்போது எங்கள் ஊரில் இருவர் அடித்துக்கொண்டால் உடனே விலக்குகிறார்கள்.

சில வருடம் கழித்து, தண்டவாளத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு மனு ஒன்று சுற்றியது. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும் என்று ஹாலிஸ் வந்தார். உட்காரச் சொன்னேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினார்.

"உனக்கு அதைப் பார்க்கறப்பவெல்லாம் எப்படி இருக்கும்னு யோசிச்சோம், ஓலிட்டா."

"அது போய்க்கிட்டிருந்த வரைக்கும் அவன் உயிரோட இருந்தான், ஹாலிஸ்."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனு அதற்குமேல் நகரவில்லை.

வண்டி வரும்போது நான் இப்போதும் ஜன்னலுக்குப் போகிறேன். தரை அதிர்கிறது, வயிற்றுக்குள் அதே குளிர்ச்சி இறங்குகிறது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. வங்கி முனையில் தண்டவாளம் சற்றே வளைகிறது. அந்த இடத்தில் சக்கரம் கிறீச்சிடுவதாக யாரோ எழுதிப்போட்டதில், போன வசந்தத்தில் ரயில்வே ஆள் வந்து கிரீஸ் தடவிவிட்டுப் போனார். இன்னும் கிறீச்சிடுகிறது.