சக்கரபாணியின் மாவும் கலியமூர்த்தியின் சாம்பாரும்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டல்கள் இருந்தன. ஒன்று சக்கரபாணியுடையது, மற்றது கலியமூர்த்தியுடையது. ஒரு காலத்தில் இருவரும் மில் வாசலில் ஒன்றாக டீக்கடை போட்டவர்கள். மாமன் மச்சான் முறை வேறு. பரோட்டா போடலாம் என்று கலியமூர்த்தி சொல்ல, மைதா மாவு என் தோசைக்கல்லைத் தொடக்கூடாது என்று சக்கரபாணி சொல்ல, பேச்சு தடித்துக் கடை இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அடுத்தவர் காதில் விழும்படி பேசுவார்கள்.

கலியமூர்த்தி கோயம்புத்தூரிலிருந்து மின்சாரக் கிரைண்டர் வரவழைத்தபோது தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சக்கரபாணி மட்டும் போகவில்லை. தன் கடை வாசலில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, மிஷினில் அரைத்தால் மாவு சூடாகிச் செத்துப்போகும், கையால் அரைத்த மாவுக்குத்தான் உயிர் உண்டு என்று சொன்னார். எதிர்க்கடையிலிருந்து கலியமூர்த்தியும் யாரிடமோ சொல்வதுபோல, சில பேர் இன்னும் மாட்டு வண்டியிலேயே மெட்ராஸ் போகட்டும் என்றார்.

சக்கரபாணியின் ஒரே மகள் அஞ்சலாட்சி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததிலிருந்து கல்லாவில் அவள்தான் உட்கார்ந்தாள். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. காலையில் மில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரும். அவற்றில் பாதி இந்தப் பக்கம் சாயும், பாதி அந்தப் பக்கம். எது எத்தனை என்று அஞ்சலாட்சிக்குத் தலையைத் தூக்காமலே தெரியும். தை மாதத்தில் இந்தப் பக்கம் சாய்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

அப்படி ஒரு காலையில்தான் கலியமூர்த்தியின் மகன் அரிகிருஷ்ணன் தெருவைக் கடந்து அஞ்சலாட்சியின் கடைக்குள் வந்து உட்கார்ந்தான். கடை முழுக்கச் சட்டென்று பேச்சு நின்றது. நல்ல வேளையாக சக்கரபாணி காய்கறி வாங்க மார்க்கெட் போயிருந்தார். அரிகிருஷ்ணன் நிதானமாக இரண்டு இட்லி கேட்டு வாங்கி, சாம்பாரை மறுபடியும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான். பிறகு கல்லாவுக்கு வந்தான்.

"சாம்பாரு பிரமாதம். இட்லிதான் கல்லாட்டம் இருக்குது," என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"உங்க கடையில இட்லி பூவாட்டம் இருக்குதாம். சாம்பார்லதான் கை கழுவறாங்களாம்," என்றாள் அவள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நெசந்தான்," என்று தலையாட்டிவிட்டுப் போனான். அன்று முழுவதும் அந்த 'நெசந்தான்' அவள் காதிலேயே இருந்தது. தன் குறையை இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்ளும் ஆணை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் வீட்டில் நிச்சயமாக இல்லை.

இட்லி கல்லானதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக மாவரைத்த கன்னியம்மாளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. குழவியைச் சுற்ற முடியாமல், மாவு திப்பிதிப்பியாக இருக்கும்போதே வழித்துவிடுகிறாள். அப்பாவிடம் சொன்னால் கன்னியம்மாளை நிறுத்திவிடுவார். அவளை நம்பி வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு புருஷன் இருக்கிறான். சொல்லாமல் விட்டால் கடை படுத்துவிடும்.

கலியமூர்த்தியின் வீடு சக்கரபாணி வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது. அவர்கள் கொல்லையும் இவர்கள் கொல்லையும் ஒரே மதிலால் பிரிந்திருந்தன. கிரைண்டர் ஓடுவது பிற்பகலில் இங்கே நன்றாகக் கேட்கும். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஊறிய அரிசியின் முன்னால் உட்கார்ந்து கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி துணி துவைக்கும் கல்மேல் ஏறி மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். அரிகிருஷ்ணன் கையெல்லாம் மாவோடு வந்து நின்றான்.

"ஒரு பக்கெட் அரிசி இருக்குது. அரைச்சுக் குடுப்பீங்களா?" என்றாள். "யாருக்கும் தெரியக் கூடாது."

அவன் யோசித்தான். "அரைச்சுத் தரேன். எங்க சாம்பாருக்கு ஒரு வழி சொல்லு," என்றான்.

அரிகிருஷ்ணனின் அம்மா இறந்தபிறகு அவர்கள் கடையில் சாம்பார் வைப்பது அவன் பொறுப்பு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மிளகாய்த்தூளும் புளியும்தான். அஞ்சலாட்சி தன் அம்மா தனக்கொடியிடம் கற்ற பக்குவத்தில் வறுத்து அரைத்த பொடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மதில் வழியாகக் கொடுத்தாள். துவரம்பருப்பு எப்போது மசிய வேண்டும், பெருங்காயம் எப்போது விழ வேண்டும் என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்தே பாடம் நடத்தினாள்.

கொஞ்ச நாளிலேயே இரண்டு கடையிலும் கூட்டம் ஏறியது. சக்கரபாணிக்குத் தலைகால் புரியவில்லை. இட்லியைப் பிய்த்து வாடிக்கைக்காரர்களிடம் காட்டி, பாருங்கள், இதுதான் கை மாவு, எதிரே இருக்கிற மிஷின்காரனுக்கு இந்த ஜென்மத்தில் இது வராது என்பார். எதிர்ப்பக்கத்தில் கலியமூர்த்தி கரண்டியில் சாம்பாரை எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிக்காட்டி, தன் மகனுக்குக் கைப்பக்குவம் பிறப்பிலேயே வந்தது, சில வீட்டில் தலைமுறையாக வைத்தும் வராது என்பார்.

வாடிக்கைக்காரர்களும் கட்சி கட்டினார்கள். மில்லில் தறி ஓட்டும் சாமிக்கண்ணு சக்கரபாணி கட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தேவதாஸ் கலியமூர்த்தி கட்சி. அவர் ஒவ்வொரு வாய்க்கும் "த்ரே போன்" என்று பிரெஞ்சில் சிலாகித்துக்கொண்டே, எதிர்க்கடை இட்லி நாய்கூடத் தின்னாது என்று கத்துவார். சாமிக்கண்ணு பதிலுக்கு எதிர்க்கடை சாம்பாரைக் கழுவி ஊற்றுவார். இருவர் இலையிலும் இருந்தது ஒரே மாவு, ஒரே பொடி. அஞ்சலாட்சி சிரிப்பை அடக்கிக்கொள்ளக் கல்லாவுக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோல் தேடுவாள். தலையைத் தூக்கினால் எதிர்ப்பக்கத்தில் அரிகிருஷ்ணனும் அடுப்புப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றுகொண்டிருப்பான்.

ஒரு நாள் கலியமூர்த்தி விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டதால் அரிகிருஷ்ணன் மதிலருகே வரவில்லை. அஞ்சலாட்சியே ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைத்தாள். கன்னியம்மாளிடம் எரிந்து விழுந்தாள். அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். மாவரைக்கிற கஷ்டத்துக்கு இவ்வளவு கோபம் வராது என்று ராத்திரி படுக்கும்போது அவளுக்கே விளங்கிவிட்டது.

மறுநாள் அவன் வந்தான். பக்கெட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"அஞ்சலை, நமக்குள்ள மாவும் பொடியும் மட்டுந்தானா?"

"வேற என்ன வேணுமாம்?"

"தெரியல. விழுப்புரத்துல நேத்து முழுக்க எதையோ வச்சிட்டு வந்தாப்ல இருந்துச்சு."

அவள் டப்பாவை எடுத்து நீட்டினாள். அன்று பொடி டப்பாவின் மேலே வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை ஒரு பொட்டலம் இருந்தது. அது சாம்பாருக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கல்லிலிருந்து இறங்கி ஓடிவிட்டாள்.

மாசி மகம் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அன்று முத்தியால்பேட்டையில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு கடையிலும் வழக்கத்தைவிடப் பலமடங்கு அரிசி ஊறப்போட்டார்கள். முதல் நாள் பிற்பகல் அஞ்சலாட்சி வீட்டுப் பக்கெட் எல்லாம் மதில் தாண்டிப் போயாகிவிட்டது. கிரைண்டர் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எங்கோ 'டமார்' என்று வெடித்தது. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. பேட்டை முழுக்கக் கரண்ட் இல்லை.

எப்போதும் சாயங்காலம் வீட்டுக்கு வரும் சக்கரபாணி, திருவிழா வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க அன்று பார்த்து முன்னாலேயே வந்தார். கொல்லையில் ஆட்டுக்கல்மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது. குழவி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் ஒரு சிலந்தி வலை.

அவர் கன்னியம்மாளைப் பார்த்தார். கன்னியம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அஞ்சலாட்சி முன்னால் வந்து, அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம், எல்லாம் என் ஏற்பாடு என்றாள். மாவு இத்தனை நாளாக எங்கே அரைபட்டது என்பதையும் சொன்னாள்.

சக்கரபாணி கத்தவில்லை. கத்தினால் தெருவுக்குக் கேட்கும். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் அரிசியை மீட்டுவரப் பின்தெருவுக்கு நடந்தார். அஞ்சலாட்சி பின்னாலேயே ஓடினாள்.

கலியமூர்த்தி நின்றுபோன கிரைண்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்து சக்கரபாணி தன் வீட்டுக்குள் நிற்பதைக் கண்டதும், கரண்ட் போனதைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி முறைத்தார். அதற்குள் சக்கரபாணியின் மூக்கு எதையோ பிடித்துவிட்டது. நேராக அடுப்படிக்குப் போனார். இறக்கிவைத்திருந்த சாம்பாரைக் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

"இது எங்க ஊட்டுப் பொடி," என்றார்.

"எம் மவன் வச்ச சாம்பாரு," என்றார் கலியமூர்த்தி.

"தனக்கொடி பக்குவம் எனக்குத் தெரியாதா?"

கலியமூர்த்தி மகனைப் பார்த்தார். அரிகிருஷ்ணன் பக்கெட்டுகளைப் பார்த்தான். அவரும் பக்கெட்டுகளைப் பார்த்தார். அதில் பாதி தன்னுடையது இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருத் தெருவாக எவ்வளவு பேசிவிட்டோம் என்று இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது அஞ்சலாட்சிக்கு முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"நாளைக்கு ஜனம் வந்துடும்," என்றாள் அவள். "சண்டைய நாளான்னிக்கி வச்சிக்குங்க. எங்க ஊட்டுல கல்லு இருக்குது. அரிசிய எடுத்துக்கினு வாங்க."

வேறு வழி இல்லை. கலியமூர்த்தி தன் ஆட்டுக்கல்லை எப்போதோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பக்கெட்டுகள் மறுபடியும் மதில் தாண்டின. அரிகிருஷ்ணனும் அஞ்சலாட்சியும் முதல் ஈடு அரைத்தார்கள். அவர்கள் இருவரும் ஒரே கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் சக்கரபாணியால் பார்க்க முடியவில்லை. எழுந்திரு என்று மகளை விரட்டிவிட்டுத் தானே உட்கார்ந்தார். உடனே கலியமூர்த்தி மகனை எழுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

ஒருவர் குழவியைச் சுற்ற வேண்டும், மற்றவர் மாவைத் தள்ளிவிட வேண்டும். இருவருக்கும் தாளம் சேரவில்லை. மெதுவாகச் சுற்று, என் விரல் போய்விடும் என்றார் கலியமூர்த்தி. மிஷின் பழகின விரல் அப்படித்தான் இருக்கும் என்றார் சக்கரபாணி. தண்ணி தெளி என்றால் ஜாஸ்தி என்பதும், போதும் என்றால் போதாது என்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஈடு முடிவதற்குள் இருவர் சட்டையும் நனைந்துவிட்டது. அதற்குள் தாளமும் சேர்ந்துவிட்டது. தனக்கொடி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது பளிச்சென்று கரண்ட் வந்தது. மதிலுக்கு அப்பால் கிரைண்டர் 'கடகட'வென்று தானே ஓட ஆரம்பித்தது. அரிகிருஷ்ணன் மிச்ச அரிசியைத் தூக்கப் போனான். சக்கரபாணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனுக்கு முடியலன்னா போ, மச்சான்," என்றார்.

"எனுக்கு என்ன? நீ சுத்து," என்றார் கலியமூர்த்தி.

கடைசி அரிசி வரை கையாலேயே அரைத்தார்கள். மறுநாள் விடிந்தபோது இருவராலும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தந்தக் கடையின் கல்லாவில் மரப்பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மாள் இத்தனை வருஷம் இதை எப்படித்தான் செய்தாளோ என்று சக்கரபாணி தனக்கொடியிடம் முனகினாராம். இனி அவள் காய் நறுக்கினால் போதும் என்று அன்றைக்கே சொல்லியும்விட்டார். இரண்டு கடை இட்லியும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. சாமிக்கண்ணுவும் தேவதாசும் நடுத்தெருவில் நின்று எது உசத்தி என்று தொண்டை வறள வாதாடினார்கள்.

பிற்பகலில் கலியமூர்த்தி பின்பக்கமாக வந்தார். விஷயம் வெளியே கசிந்தால் இருவரும் தெருவில் தலை காட்ட முடியாது, சம்பந்தம் பண்ணிவிட்டால் ஒரே வீட்டு மாவு, ஒரே வீட்டுப் பொடி என்று ஆகிவிடும் என்று சுற்றிவளைத்துச் சொன்னார். சக்கரபாணி தூக்க முடியாத கையால் மகளைக் காட்டினார். "அவளக் கேளு," என்றார்.

அஞ்சலாட்சி அப்பாவைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். சொல்ல வேண்டியதை மட்டும் சாயங்காலம் அரிகிருஷ்ணனிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

பெரியவர்கள் சம்மதித்துவிட்டதால், அன்று இருவரும் மதில் இல்லாமல் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வைத்திக்குப்பம் போனார்கள். தனக்கொடி பத்தடி பின்னால் வந்தாள். சாமிகள் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்றன. மேளச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. அவள் அவன் காதருகே சாய்ந்து கத்த வேண்டியிருந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் கல்லாவுலதான் உக்காருவேன், உங்க கடைக் கல்லாவுல."

"அப்ப எங்கப்பா?"

"அவரு வாசல்ல நின்னு பேசட்டும். அவருக்கு அதான நல்லா வருது."

அரிகிருஷ்ணன் சிரித்த சிரிப்பில் அலை வந்ததைக் கவனிக்கவில்லை. புது வேட்டி முட்டிவரை நனைந்தது. அவள் சேலையும்தான். இருவரும் நகரவில்லை.