நாளை விடுமுறை

இராமதாஸுக்கு மூளை கொஞ்சம் அதிகம். வம்பே அதனால்தான் வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் அவன் புதுச்சேரியில் ஒரு துணி மில்லில் தற்காலிகக் குமாஸ்தா. தொழிலாளர் கேட்டில் மாட்டியிருந்த நோட்டீஸ் போர்டு அவன் பொறுப்பு.

‘நாளை வீராம்பட்டினம் தேர். மில்லுக்கு விடுமுறை.’ ஆடி மாதம் ஒட்டியது இது. கார்த்திகை வந்தும் அசையவில்லை. தேதியாவது போட்டிருந்தானா? அதுதான் இல்லை. போட்டால் அடுத்த ஆடிக்கு மறுபடி எழுத வேண்டுமாம்! போதாக்குறைக்கு போர்டின் கண்ணாடிக் கதவுச் சாவியையும் தொலைத்துவிட்டான். பிறகு வந்த நோட்டீசெல்லாம் படிக்கப்படாமலே மேசை டிராயருக்குள் போயின. பழைய ஆட்கள் யாரும் போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேனேஜர் ஜானகிராமனின் கார் வருவதோ வேறு கேட் வழியாக.

நெல்லித்தோப்பு வீட்டில் மட்டும் தினமும் போர்டு பேச்சுதான். ஹெட்கிளார்க் ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலி கிடைத்தால் இராமதாஸுக்கு வேலை நிரந்தரம். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி மணியம்மாள் கேட்டுவிடுவாள்: “போர்டுல போட்டாங்களா?”

“போடுவாங்கடி. எனக்குத் தெரியாம போட்டுடுவாங்களா?”

அந்தத் திங்கட்கிழமை திண்டிவனம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். புதுசு பாருங்கள், போர்டைப் பயபக்தியோடு படித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவனும் வரவில்லை. பன்னிரண்டு தறியும் சும்மா நின்றன.

புதன்கிழமை காலை பன்னிரண்டு பேரும் மேனேஜர் முன்னால் நின்றார்கள். சின்னக்கண்ணு என்பவன்தான் வாயைத் திறந்தான்.

“போர்டுல போட்டிருந்துச்சு சார். பொண்டாட்டி புள்ளைங்களோட வீராம்பட்டினம் போயி, தேரு எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டேன். பூசாரி என்னை ஏற எறங்கப் பாக்குறாரு சார்!”

ஜானகிராமன் நேரே போர்டுக்கு வந்தார். படித்தார். சாவி கேட்டார். இராமதாஸ் தலையைச் சொறிந்தான். கண்ணாடியை உடைக்கச் சொன்னார். அடுத்து டிராயரைத் திறக்கச் சொன்னார். ஐயோ பாவம், அவன் அதைப் பூட்டியாவது வைத்திருக்கக் கூடாதா!

கட்டுக் காகிதத்தில் ஒன்றை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். ஹெட்கிளார்க் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை.

“நீ ஏன்யா மனு போடலன்னு நானே யோசிச்சேன். வேணாம்போலன்னு விட்டுட்டேன். ஒரே ஒரு மனுதான் வந்துச்சு. ஷஹாபுதீனுக்குக் குடுத்தாச்சு.”

“அவருக்கு... எப்படி சார் தெரிஞ்சுது?”

“இந்த நோட்டீசை டைப் அடிச்சதே அவருதானேய்யா!”

கூட்டத்தோடு பின்னால் நின்றிருந்த டைப்பிஸ்ட் ஷஹாபுதீன் சங்கடத்தோடு நெளிந்தார். “போர்டே உங்க கையில இருக்கு தம்பி. உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன்.”

இராமதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்று மாலைக்குள் போர்டைச் சுத்தமாகத் துடைத்தான். பழையதெல்லாம் கிழித்தான். மேனேஜர் தந்த ஷஹாபுதீனின் நியமன நோட்டீசில் தேதி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு நடுவில் ஒட்டினான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“போர்டுல போட்டாங்களா?”

“போட்டாச்சு. தேதியோட போட்டாச்சு. என் கையாலதான் ஒட்டுனேன்.”

“அம்மாடி!” என்று மணியம்மாள் கேசரி கிளற ரவை டப்பாவை எடுக்க ஓடினாள். யார் பெயர் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.