கத்தரியின் வாயை அடைக்கும் மருந்து

அண்ணனிடம் வாய் விட்டதுதான் அவள் செய்த தப்பு. அவன் லாரி ஓட்டுபவன். அவனுடைய ஒன்பது வயது மகளுக்குத் தசை கரையும் நோய். ஓடித் திரிந்த பிள்ளை ஒரே வருஷத்தில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். உடம்பிலிருக்கும் ஒரு நொதி கட்டுமீறிப்போய்த் தசைப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவதால் வருவது அது. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்த நொதிக்குக் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். கத்தரியின் வாயை அடைக்க ஒரு மருந்தை அவளே செய்து, நோய்பட்ட எலிகளுக்குப் போட்டுப் பார்த்தாள். பத்தாம் நாள் அவை கம்பியைப் பிடித்து ஏறின. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பதினேழாம் நாள் எலிகள் ரத்தம் கக்கிச் செத்தன. அறுத்துப் பார்த்தால் வயிறெல்லாம் ரத்தம். காயத்தில் ரத்தம் உறைவதற்கும் அதே கத்தரி வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதையும் அண்ணனிடம் சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. கெஞ்சினான், திட்டினான், பிறகு பேச்சையே நிறுத்தினான்.

ஒரு மத்தியானம் மற்ற எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஆய்வுக்கூட வாசலில் காவலாளியின் அலறல் கேட்டது. கண்ணாடிக் கதவு நொறுங்கி விழுந்தது. ஜாக்கிக் கம்பியோடு அண்ணன் நின்றான். கம்பி நுனியில் ரத்தமும் மயிரும் ஒட்டியிருந்தன.

அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து உறைபெட்டியின் கதவில் நெற்றியை மோதினான். “மருந்த எடு.”

கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மிச்சமிருந்தது மூன்றே குப்பிகள்.

“இதப் போட்டா அவ செத்துருவாண்ணே.”

“போடலன்னாலும்தான் சாகப்போறா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நான் பாத்துட்டிருக்கேன்.”

அவள் முதல் குப்பியைத் திறந்து கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கம்பி அவள் வலது முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. தரையில் சரிந்தபடியே மற்ற இரண்டையும் இடது கையால் சுவரில் வீசி உடைத்தாள். அவன் அவளை உதைத்தான்; விலாவில் இரண்டு, வயிற்றில் ஒன்று. பிறகு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே மண்டியிட்டு, ஈரத்தைக் கையால் வழித்துக் கூட்டப் பார்த்தான். போலீஸ் வந்தபோது அவன் உள்ளங்கைகள் கிழிந்து தொங்கின.

காவலாளி பிழைத்தார்; ஒரு காது போயிற்று. அண்ணனுக்கு நான்கு வருஷம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணி கட்டில் அருகில் நின்று, “உன் மேல தப்பில்லன்னு புத்திக்குத் தெரியுது. மூஞ்சியப் பாக்கத்தான் முடியல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கை கோணலாகத்தான் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டே அவள் இரண்டு வருஷம் மாரடித்து, தசையில் மட்டும் வேலை செய்யும் இன்னொரு மருந்தைக் கொண்டுவந்தாள். இந்த முறை எலிகள் சாகவில்லை. முதன்முதலில் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் பட்டியலில் மருமகள் பெயரும் வந்தது. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை அவளே சிறைக்கு எடுத்துப் போனாள். எலிகள் செத்த கதையிலிருந்து ஒன்று விடாமல் சொல்லி, இதிலும் ஆபத்து இருக்கிறது என்றாள்.

அண்ணன் அவள் கோணல் கையைப் பார்த்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “ரத்தம் வந்தா உடனே நிறுத்திருவியா?” என்று மட்டும் கேட்டான்.

“நிறுத்திருவேன்.”

பேனாவை வாங்கிக்கொண்டான்.