இடக்கைக்கும் வேலை

அண்ணன் வெளியூரில் பெரிய இசைக்குழு ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னபோது, வீட்டில் பொடிசு என்று கூப்பிடப்படும் தங்கைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவனுடைய பேஸ் கிட்டார், நண்பன் தடியனின் டிரம்ஸ், அவளுடைய பியானோ மூன்றும் சேர்ந்ததுதான் அவர்கள் வாசித்த ஜாஸ் இசை. தடியனும் அண்ணன் பின்னாலேயே போய்விட்டான். ஒப்புக்கொண்ட கச்சேரி மட்டும் மிஞ்சியது.

"ரத்து பண்ணிடேன்," என்றான் அண்ணன்.

"எதுக்கு? பியானோ எங்கயும் போகலையே."

வீம்புக்குச் சொல்லிவிட்டாள். மேடையில் தனியாக உட்கார்ந்தாள். கொஞ்சம் ஓய்ந்தாலும் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று மூன்று பேர் வாசிப்பையும் ஒருத்தியாகவே வாசிக்கப் பார்த்தாள். வேகம் ஏறிக்கொண்டே போனது. கைதட்டினார்கள், அது மரியாதைக்குத் தட்டியது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

திரும்பும் வழியில் கணவன் வண்டியை ஓட்டியபடியே சொன்னான்: "நாய் துரத்துற மாதிரி வாசிச்சே. கேட்ட எனக்கே மூச்சு வாங்குது."

சுருக்கென்றது. ஆனாலும் உண்மை. பாட்டை அடியிலிருந்து தாங்கும் கனத்த சுரங்களை அண்ணனின் பேஸ் தலையில் கட்டிவிட்டு, அவளுடைய இடக்கை இத்தனை காலமும் உட்கார்ந்து தின்று கொழுத்திருந்தது.

மறுநாளே, வேலை பார்க்கும் இசைப்பள்ளியில் பிள்ளைகள் போனதும், வலக்கையை மடியில் போட்டுக்கொண்டு இடக்கையால் மட்டும் முழுப் பாட்டையும் வாசித்தாள். காவலாளி வந்து சாவிக்கொத்தைக் குலுக்கும்வரை எழவில்லை. தினமும் அதே கதை. மணிக்கட்டு வீங்கியது. ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இடக்கை தன் காலில் நிற்கப் பழகிய பிறகுதான், எதையெல்லாம் வாசிக்காமல் விடலாம் என்று யோசிக்கத் துணிந்தாள். சின்னச் சின்ன அரங்குகளில் தனியாக வாசித்து அதைச் சோதித்தும் பார்த்தாள். யாரும் எழுந்து போகவில்லை.

பிறகு தனி ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு. மெதுவான பாட்டொன்றின் நடுவில் கையை எடுத்து, கடைசிச் சுரம் கரைவதற்காகக் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதாக்கா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுப் பையன் கேட்டான். பதிவு பாழ்.

"இல்ல தம்பி. நான் எழுந்தாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபடி போட்டான். இந்த முறை அவள் மௌனத்தை இன்னும் நீட்டினாள். பழைய பயம் எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கைகளை அசைக்காமல் இருந்தாள். பிறகு இடக்கை ஆழத்திலிருந்து ஒரே ஒரு சுரத்தைத் தொட்டது. கண்ணாடிக்குப் பின்னால் தம்பி அசையவே இல்லை.

ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் கூப்பிட்டான்.

"மெதுவான பாட்டுல நீ கையை எடுத்த அந்த இடத்துல நான் இருந்திருந்தா சும்மா இருந்திருக்க மாட்டேன். எதையாவது போட்டுக் கெடுத்திருப்பேன்," என்றான். "அடுத்த மாசம் ஊருக்கு வரேன். சேர்ந்து வாசிக்கலாமா?"

"வாசிக்கலாம்ணா. ஆனா முதல் பாதி நான் தனியா."